மாடு மேய்ந்த இடத்தில் மணல்: பாறை ஓவியங்களும் மாறிப்போன நிலமும்

1850ஆம் ஆண்டு. ஹைன்ரிஷ் பார்ட் என்ற ஜெர்மானியப் பயணி ஒட்டகங்களோடு சகாராவுக்குள் போய்க்கொண்டிருந்தார். இன்றைய லிபியாவின் தென்மேற்கில், வறண்டு கிடந்த ஒரு பள்ளத்தாக்கில், பாறையில் ஒரு மாட்டு மந்தை செதுக்கப்பட்டிருப்பதைப் பார்த்தார். சுற்றிலும் ஒரு பசுவுக்கு ஒரு வேளைத் தீனிக்குக்கூடப் புல் கிடையாது. தேடிப் பார்த்தும் அந்தப் படத்தில் ஒட்டகம் இல்லை. ஒட்டகம் இல்லாமல் நாலு நாள் தாக்குப்பிடிக்க முடியாத ஊரில் உட்கார்ந்து, ஒட்டகத்தையே அறியாத யாரோ மாடுகளைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒட்டகம் வருவதற்கு முன் இந்த வழியில் மாடுதான் சுமை தூக்கியிருக்க வேண்டும் என்று பார்ட் ஊகித்தார்.

பாறை ஓவியம் என்றதும் நமக்கு அழகு, வயது, வரைந்தவர் யார் என்ற கேள்விகள்தான் முதலில் வரும். இந்தக் கட்டுரை வேறொன்றைப் பற்றியது. வரைந்த படம் வரைந்த இடத்திலேயே நிற்கிறது. அதைச் சுற்றியிருந்த நிலம் கைவிட்டுப் போய்விட்டது. இந்த இரண்டுக்கும் நடுவே விழுந்த இடைவெளியை எப்படிப் படிப்பது?

பொதுவாகப் பாறை ஓவியம் என்று சொன்னாலும் இதில் இரண்டு வகை உண்டு. செங்காவி, வெள்ளைக் களிமண், கரி போன்றவற்றைக் குழைத்துத் தீட்டியவை ஒரு வகை. கல்லால் கல்லைக் கொத்தியும் தேய்த்தும் உருவாக்கியவை இன்னொரு வகை. தீட்டியவை பெரும்பாலும் மழையும் வெயிலும் நேரே படாத குகைகளிலும் பாறைத் தாழ்வாரங்களிலும் தப்பிக்கும். செதுக்கியவை திறந்த வெளியிலும் நிற்கும்.

அகழ்வில் கிடைக்கும் மற்றப் பொருள்களுக்கு இல்லாத ஒரு குணம் இவற்றுக்கு உண்டு. பானை கைமாறும். மணி கடல் தாண்டும். கற்கோடரியை ஒருவர் நூறு மைல் தள்ளிக் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம். பாறைச் சுவர் எங்கும் போகாது. அதில் ஒரு படம் இருக்கிறது என்றால், வரைந்தவர் அதே இடத்தில் நின்றிருக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு நிலக்காட்சி இருந்திருக்கிறது. நிலத்தின் வரலாற்றை ஆராய்பவர்கள் இந்தப் படங்களைத் தேடிப் போவது அதனால்தான்.

எப்போது நின்றார் என்பதுதான் சிக்கல். கரியால் வரைந்திருந்தால் அதில் கார்பன் இருக்கும், வயதைக் கணக்கிட வழியுண்டு. காவி ஒரு கனிமம்; அதில் அளப்பதற்குக் கார்பன் இல்லை. அதனால் சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும். நம்மூர்ச் சுவரொட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய கட்சிப் போஸ்டர் மேல் சினிமாப் போஸ்டர், அதன் மேல் கண்ணீர் அஞ்சலி. எது எதன்மேல் இருக்கிறது என்பதே வரிசையைச் சொல்லிவிடும். பாறையிலும் அப்படித்தான், ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் ஏறியிருக்கும். செதுக்கல்களில் இன்னொரு தடயமும் உண்டு. புதிதாகக் கொத்திய கோடு வெளுப்பாக இருக்கும், நாள்பட நாள்பட வெயிலிலும் தூசியிலும் கறுத்துப் பாறை நிறத்துக்கே வந்துவிடும். மூன்றாவது தடயம், பார்டின் கண்ணில் பட்டதுதான்: எந்த விலங்கு இருக்கிறது, எது இல்லை.

ஆறுகளின் மேட்டுநிலம்

அல்ஜீரியாவின் தென்கிழக்கு மூலையில் தஸ்ஸிலி நஜ்ஜேர் என்ற மணற்கல் மேட்டுநிலம் இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 72,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிக்கு மேல். 15,000க்கும் அதிகமான தீட்டல்களும் செதுக்கல்களும் அங்கே உள்ளன. 1982இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. ஓர் ஆண்டில் அங்கே பெய்யும் மழை, சென்னையில் ஐப்பசியில் ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போகும் மழைக்கு ஈடாகாது. ஆனால் அங்கு வாழும் துவாரெக் மக்களின் மொழியில் தஸ்ஸிலி நஜ்ஜேர் என்றால் 'ஆறுகளின் மேட்டுநிலம்' என்று பொருள் சொல்கிறார்கள்.

அங்குள்ள படங்களை ஆய்வாளர்கள் அடுக்கடுக்காகப் பிரித்திருக்கிறார்கள். ஆகப் பழைய அடுக்கில் காட்டு விலங்குகள்: யானை, காண்டாமிருகம், நீர்யானை, ஒட்டகச்சிவிங்கி, பிரமாண்டமான கொம்புகள் கொண்ட, இன்று பூண்டோடு அழிந்துவிட்ட ஒரு காட்டெருமை. அதையொட்டி வட்டத் தலை மனித உருவங்கள் வருகின்றன. முகம் வரையாத உருண்டைத் தலையும் மிதப்பதுபோன்ற உடலுமாக இருக்கும் இவற்றைக் காட்டித்தான் யூடியூபில் வேற்றுக்கிரகவாசிக் கதை விடுகிறார்கள். இந்தப் பேச்சுக்குத் தீனி போட்டவர், 1956-57இல் அங்கு குழுவோடு போய்ப் படங்களை நகலெடுத்த பிரெஞ்சு ஆய்வாளர் ஆன்றி லோட். ஓர் உருவத்துக்கு 'மாபெரும் செவ்வாய்க் கடவுள்' என்று அவர் பெயர் வைத்தார். அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

அடுத்த அடுக்கில் நிலைமை மாறுகிறது. சுவர் முழுக்க மாடுகள். செவலை, வெள்ளை, புள்ளி, வளைந்த கொம்பு, நிமிர்ந்த கொம்பு என ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் சொல்லிவிடலாம். மாட்டைத் தினமும் பார்த்தவர், பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் வரைந்தது என்பது பார்த்தாலே தெரியும். குடிசை, குழந்தைகள், பெண்கள், கட்டிப்போட்ட கன்றுகள். இது ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முந்தைய உலகம். அதன்பின் மாடுகள் குறைகின்றன. குதிரை வருகிறது, குதிரை பூட்டிய தேர் வருகிறது. கடைசியில், ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன், ஒட்டகம் வருகிறது.

நீர்யானையில் தொடங்கி ஒட்டகத்தில் முடிகிற இந்த வரிசையைப் படித்தாலே போதும், சகாரா எப்படிக் காய்ந்தது என்பது விளங்கிவிடும். நீர்யானைக்கு ஆழமான தண்ணீர் வேண்டும். மாட்டுக்குத் தினம் தண்ணீரும் புல்லும் வேண்டும். ஒட்டகத்துக்கு இரண்டும் நாள்கணக்கில் இல்லாமல் போனாலும் பரவாயில்லை. பாலை என்பது தனி நிலமே இல்லை, முல்லையும் குறிஞ்சியும் மழை பொய்த்துத் திரிந்தால் அதுவே பாலை என்பது நம் திணை மரபு. கோடைக்காலத்தை மனதில் வைத்துச் சொன்னது அது. சகாராவில் அந்தக் கோடை 5,000 ஆண்டுகளாக நீள்கிறது.

மழை எங்கே போனது?

காரணம் வானத்தில் இருக்கிறது. பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை. ஆண்டில் ஒரு சமயம் பூமி சூரியனுக்குக் கொஞ்சம் நெருக்கமாகப் போகும். இப்போது அந்த நெருக்கம் ஜனவரித் தொடக்கத்தில் நேர்கிறது, அதாவது வட பாதியின் குளிர்காலத்தில். பூமியின் அச்சு பம்பரம்போல மெல்லத் தள்ளாடுவதால் இந்த நாள் நகர்ந்துகொண்டே இருக்கும்; ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 21,000 ஆண்டுகள் ஆகும். பாதிச் சுற்றுக்கு முன்னால், அதாவது சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன், அந்த நெருக்கம் வட பாதியின் கோடையில் விழுந்தது. அச்சின் சாய்வும் அப்போது இன்றைவிடச் சற்று அதிகம். வட பாதியின் கோடை வெயில் இன்றைவிட 7–8 சதவீதம் கூடுதலாக இருந்தது.

வெயில் கூடினால் வறட்சிதானே கூட வேண்டும் என்று தோன்றும். பருவமழையின் கணக்கு வேறு. தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். சூடான தரைக்கு மேலே காற்று எழும்ப, அந்த வெற்றிடத்துக்குக் கடலிலிருந்து ஈரக்காற்று ஓடிவரும். வெயில் எவ்வளவு கடுமையோ, அந்தக் காற்று அவ்வளவு தூரம் உள்ளே வரும். குற்றாலத்தில் சாரல் விழவைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று இயங்குவதும் இதே வழியில்தான். இந்தியாவிலும் அந்தக் காலத்தில் பருவமழை இன்றைவிட வலுவாக இருந்தது. ஆப்பிரிக்காவில் அந்த மழை வடக்கே ஏறி ஏறிச் சகாராவுக்குள் நுழைந்தது. புல் முளைத்தது. புல்லும் ஏரிகளும் ஈரத்தைப் பிடித்துவைத்து மீண்டும் மழைக்குக் கொடுத்தன. சாட் ஏரி இன்றைய காஸ்பியன் கடலோடு ஒப்பிடும் அளவுக்குப் பெருத்துக் கிடந்தது.

பிறகு அந்த நெருக்கம் மெல்ல மெல்லக் கோடையை விட்டு விலகியது. மழை தெற்கே பின்வாங்கியது. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் ஈரக்காலம் முடிந்துபோனது. சடாரென்று முடிந்ததா, படிப்படியாகவா என்பதில் இன்னும் வாதம் ஓயவில்லை. மொரிட்டானியாவுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலடியில் எடுத்த படிவில் சகாராத் தூசி திடீரென அதிகரிப்பது தெரிகிறது. வட சாட்டில் உள்ள யோவா ஏரியின் அடிச்சேற்றைப் படித்தவர்களோ மெதுவான மாற்றத்தைக் காட்டுகிறார்கள். எனக்கு இரண்டும் சரியாக இருக்கலாம் என்றுதான் படுகிறது. அவ்வளவு பெரிய நிலத்தில் ஒரு பள்ளத்தாக்கு ஒரு தலைமுறைக்குள் வறண்டிருக்கலாம், பக்கத்தில் நிலத்தடி நீர் ஊறிய ஓர் ஏரி ஆயிரம் ஆண்டு தாங்கியிருக்கலாம்.

அப்படித் தாங்கிய துண்டுகள் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. தஸ்ஸிலியின் பாறைச் சுனைகளில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை முதலைகள் இருந்தன. சாட் நாட்டின் எனெடி மலையில், சுற்றிலும் பாலைவனமாக இருக்கும் ஒரு சுனையில், இன்றும் சில முதலைகள் உள்ளன. ஆறுகள் இணைந்து ஓடிய காலத்தில் வந்து சேர்ந்து, ஆறு வற்றிய பிறகு போக வழியில்லாமல் தங்கிவிட்டவற்றின் வாரிசுகள் அவை. தஸ்ஸிலியில் இருநூற்றுச் சொச்சம் சைப்ரஸ் மரங்களும் இருக்கின்றன, அந்த வகையே வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. ஆயிரம் ஆண்டு தாண்டியவையெல்லாம் அதில் உண்டு, இளங்கன்றுகள்தான் அரிது.

படத்தை நம்பலாமா?

இங்கே ஒரு நிதானம் வேண்டும். பாறை ஓவியத்தை அந்தக் காலத்துப் புகைப்படம்போல எடுத்துக்கொள்வதுதான் புதிதாகப் படிப்பவர்கள் செய்யும் பெரிய தவறு.

லிபியாவின் தென்மேற்கில், அகாக்கஸ் மலையில் தகர்கோரி என்ற பாறைத் தாழ்வாரம் இருக்கிறது. சுமார் 10,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 4,650 ஆண்டுகளுக்கு முன்வரை மனிதர்கள் அங்கே வந்து தங்கினார்கள். அவர்கள் தின்றுவிட்டுப் போட்டதைத் தோண்டிப் பார்த்ததில் 17,000க்கும் மேற்பட்ட விலங்கு எச்சங்கள் கிடைத்தன. அதில் 80 சதவீதம் மீன்! கெளுத்தி இனமும் திலேப்பியாவும். பழைய அடுக்குகளில் மீனின் பங்கு 90 சதவீதம், கடைசி அடுக்குகளில் 40 சதவீதம். தண்ணீர் வற்ற வற்ற மீன் குறைந்ததை எலும்புகள் இப்படிச் சொல்கின்றன.

சகாராவின் பாறைகளிலோ மீன் படம் மிக அரிது. வயிறு நிரப்பியது மீன், சுவரில் ஏறியது மாடு. நம் வீடுகளிலும் தினம் சாப்பிடும் ரசத்தை யாரும் படம் எடுத்து மாட்டுவதில்லை. எதை வரைவது என்பதற்குப் பின்னால் மதிப்பு, நம்பிக்கை, பெருமை, சடங்கு எல்லாம் இருந்திருக்கும். ஆகவே ஒரு விலங்கு படத்தில் இருந்தால் அது அங்கே இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இல்லாவிட்டால் அது அங்கே இல்லை என்று உடனே முடிவு கட்டக்கூடாது. பார்ட் பார்த்த அந்தப் படத்தில் ஒட்டகம் இல்லாதது மட்டும் ஆதாரமாகாது. ஒரு பெரும் பரப்பில், ஓர் அடுக்கு முழுவதிலும், ஆயிரக்கணக்கான படங்களில் ஒட்டகம் இல்லை என்று ஆகும்போதுதான் அது கனக்கத் தொடங்குகிறது.

மாடுகளைப் பொறுத்தவரை வேறொரு சாட்சியும் ஒத்துப்போகிறது. அதே தகர்கோரியில் கிடைத்த பானை ஓடுகளில் ஊறியிருந்த கொழுப்பைச் சோதித்தபோது அது பால் கொழுப்பு என்று தெரியவந்தது. 2012இல் அந்த முடிவு வெளியானது. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே பால் கறந்திருக்கிறார்கள். மடி பெருத்த மாடுகளின் படங்களும் அந்தப் பகுதியிலேயே உள்ளன.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. எகிப்தின் தென்மேற்கு மூலையில், கில்ஃப் கெபீர் மேட்டுநிலத்தில், 1933இல் ஹங்கேரியரான லாஸ்லோ அல்மாஷி ஒரு சிறு குகையைக் கண்டார். உள்ளே கைகால்களை நீட்டி மிதக்கும் சின்னச் சின்ன மனித உருவங்கள். பார்த்தவுடன் நீச்சல் என்றுதான் தோன்றும். இங்கே தண்ணீர் இருந்திருக்கிறது என்று அல்மாஷி முடிவு கட்டினார். தண்ணீர் இருந்தது என்பது சரிதான். அருகில் பழைய ஏரிப் படிவுகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அந்த உருவங்கள் நீந்துகின்றனவா? இறந்தவர்கள் வேறொரு உலகத்தின் நீரில் மிதப்பதாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தஸ்ஸிலியின் அடிவாரத்தில் ஜானெத் என்ற ஊருக்குப் பக்கத்தில் 'அழும் பசுக்கள்' என்ற செதுக்கல் இருக்கிறது, பசுக்களின் கண்ணுக்குக் கீழே துளி. மந்தையை ஓட்டிவந்த ஒருவன், நீர்நிலை வற்றியிருக்கக் கண்டு இதைச் செதுக்கினான் என்று உள்ளூர்க் கதை உண்டு. கதை மனதைத் தொடுகிறது, நானும் அதை யாருக்காவது சொல்லத்தான் செய்வேன். சாட்சியாக மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

படத்தைக் காப்பாற்றியதும் அந்த வறட்சிதான். ஈரம் தொடர்ந்திருந்தால் காவி பாசியேறி உரிந்திருக்கும். மணற்காற்று ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டிருக்க, 20ஆம் நூற்றாண்டில் மனிதர்கள் வேறு வந்து சேர்ந்தார்கள். லோட்டின் குழு, நிறம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று படங்களை நனைத்துத் துடைத்து நகலெடுத்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நின்ற நிறம் சில ஈரப் பஞ்சுகளில் போனது.

நிலம் ஏறினால், கடல் ஏறினால்

சகாராவில் மாறியது மழை. வேறு இடங்களில் நிலமே எழும்பியிருக்கிறது. நார்வேயின் வடகோடியில் ஆல்ட்டா என்ற கடற்கழி ஓரம், 1973இல் பாறைச் செதுக்கல்கள் தெரியவந்தன: கலைமான்கள், கரடிகள், படகுகள், தூண்டிலோடு மீன் பிடிப்பவர்கள். பனியுகத்தில் அந்த நிலத்தின் மேல் மிகப் பெரிய பனிப்பாளம் உட்கார்ந்திருந்தது. அது உருகியதும், மெத்தையிலிருந்து ஆள் எழுந்துபோனால் மெத்தை மெல்ல உப்புவதுபோல, அழுந்திய நிலம் எழும்பத் தொடங்கியது. இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது. வரைந்தவர்கள் அலை மோதி வழுவழுப்பான கரைப் பாறையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். கரை கீழே கீழே போகப் போக, அடுத்தடுத்த தலைமுறைகளும் கீழே இறங்கி இறங்கிச் செதுக்கின. ஆகவே அங்கே உயரமே காலண்டர். கடல் மட்டத்திலிருந்து 26 மீட்டர் உயரத்தில் இருப்பது ஏறத்தாழ 7,000 ஆண்டுப் பழையது, 8 மீட்டரில் இருப்பது 2,000 ஆண்டுக்காரியம். கரையில் செதுக்கிய படகு இன்று கடலை விட்டுத் தள்ளி, சரிவின் நடுவே நிற்கிறது.

வட ஆஸ்திரேலியாவின் காக்கடுவில் கடல் எதிர்த்திசையில் நடந்தது. பனியுகத்தில் கடற்கரை அங்கிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அந்தக் காலப் பாறைகளில் கங்காருக்கள் போன்ற தரை விலங்குகள். பனி உருகிக் கடல் உயர, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் உப்புநீர் பள்ளத்தாக்குகளுக்குள் புகுந்து அலையாத்திக் காடு வளர்ந்தது. எலும்பும் குடலும் வெளியே தெரியும்படி வரைந்த பாராமுண்டி மீன்கள் (நம் கொடுவா மீன்தான் அது) சுவருக்கு வந்தன. பிறகு வண்டல் படிந்து நன்னீர்ச் சதுப்பு உருவானதும் வாத்துகளும் அல்லியும். கடைசியாக ஐரோப்பியர் கப்பல். இங்கே ஒரு பெரிய வேறுபாடு உண்டு: வரைந்தவர்களின் வாரிசுகள் அதே மண்ணில் இருக்கிறார்கள். 1960களில்கூட அங்கே புதிதாக ஓவியம் தீட்டப்பட்டது. என்ன விலங்கு, என்ன கதை என்று கேட்டால் சொல்ல ஆள் உண்டு. சகாராவில் அந்த வாய்ப்பு நமக்குக் கிடைக்கவில்லை.

பிரான்சின் மார்செய் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு குகை இருக்கிறது. அதன் வாசல் கடலுக்குள் 37 மீட்டர் ஆழத்தில். ஆன்றி கோஸ்கே என்ற முக்குளிப்பவர் 1985இல் அந்த வாசலைக் கண்டார். உள்ளே ஓவியங்கள் இருப்பது 1991இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. நீருக்குள் நூறு மீட்டருக்கும் மேல் ஒரு சுரங்க வழியில் ஏறிப்போனால் பாறைக் கூடம். சுவரில் கைத்தடங்கள், குதிரைகள், காட்டெருதுகள், சீல்கள் எனப்படும் கடல்நாய்கள், 19ஆம் நூற்றாண்டில் உலகை விட்டே மறைந்த பெரிய ஆக் என்ற கடற்பறவை. பழைய கைத்தடங்களுக்கு ஏறத்தாழ 27,000 ஆண்டு வயது, பின்னால் வந்த விலங்குகளுக்கு ஏறத்தாழ 19,000. அந்தக் காலத்தில் கடல் மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. குகை ஒரு மலைச்சரிவில், கடலிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி. சீலையும் ஆக் பறவையையும் பார்த்தவர் அவற்றை நினைவில் சுமந்துகொண்டு அவ்வளவு தூரம் நடந்து மலையேறி வந்து வரைந்திருக்கிறார். சுவரில் குதிரையும் சீலும் ஒன்றாக நிற்பதற்குக் காரணம் அந்த நடை.

இப்போது குகையின் பெரும்பகுதி நீருக்கடியில். அங்கே படம் ஏதும் இருந்திருந்தால் உப்புநீர் அழித்திருக்கும். பொதுமக்கள் உள்ளே போக முடியாது என்பதால் 2022இல் மார்செயில் அதன் மாதிரி ஒன்றைக் கட்டித் திறந்தார்கள். உண்மையான குகையில், கரியால் தீட்டிய குதிரைகள் வரிசையாக நிற்கும் சுவரின் அடியை நீர் தொட்டுக்கொண்டிருக்கிறது. மத்தியதரைக் கடல் இன்னும் உயர்கிறது. ஆய்வாளர்கள் முக்குளித்துப் போய், அங்குலம் அங்குலமாக அந்தச் சுவர்களை லேசர் கருவியால் படியெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.